துறையில் ஒரு பகல்

கப்பலில் வந்து ஒரு சிறு துறையிற் காலையில் இறங்கி, பகற்பொழுதை ஆண்டுக் கழித்து, மாலையில் மீண்டும் கலமேறிப் போகும் வழக்கம் இந்நாளில் உலகெங்கும் பெருகி வருகின்றது. இங்ஙனம் வருவோர் வணிகர் அல்லர். திருத்தல யாத்திரிகரும் அல்லர். உற்றாரைக் காண வருவோரும் அல்லர். உண்ணலும் உறங்கலும் ஆடலும் பாடலும் கப்பலுக்குள்ளேயே நிகழ, இடையிடையே ஒரு கரையையும் பார்த்துவரப் போகின்றவர். உல்லாசப் பயணிகள் என்பது இவர்க்கு வழங்கும் பெயர். இவ்வழக்கம் தமிழ் வழங்கும் கரையொன்றற்கும் வந்துவிட்டமையின், அதனைக் குறித்துத் தமிழ் மாணவராகிய நாம் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும்.

2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில், கோர்டீலியா என்னும் நிறுவனத்தாரின் 'எம்பிரஸ்' என்ற கப்பல் சென்னைத் துறைமுகத்தினின்றும் புறப்பட்டு இலங்கையைச் சுற்றி வரலாயிற்று. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்பன அது தொட்ட துறைகள். இவற்றுள் முதலது புதிதாய் எழுந்த பெருந்துறை. இரண்டாவது உலகப் புகழ் வாய்ந்த இயற்கைத் துறை. மூன்றாவதாகிய காங்கேசன்துறையோ யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வடகரையில் அமைந்த சிறியதோர் ஊர். அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் அத்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஒன்றும் தொடங்கப்பெற்றது. அது சின்னாளில் நின்றுவிட, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்னும் கலம் அவ்வழியே ஓடத் தொடங்கியது. நாகையினின்றும் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். சுரண்டையிலிருந்து பேருந்தேறிச் சென்னை போய்ச் சேரும் நேரத்திற் பாதியும் இல்லை.

காங்கேயன் என்பது முருகவேளின் பெயர். மாவிட்டபுரத்துக் கோயிலுக்குரிய முருகன் திருவுருவம் கடல்வழி வந்து இறங்கிய துறையாதலின் இப்பெயர் பெற்றது என்பர் அந்நாட்டார். குதிரை முகம் வாய்க்கப்பெற்ற சோழ அரசிளங்குமரி ஒருத்தி, அணித்தாயுள்ள கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அம்முகம் நீங்கப்பெற்று, அக்கோயிலை எடுப்பித்தாள் என்பது கதை. மா என்றால் குதிரை. அது விட்ட புரம் மாவிட்டபுரம். கதையின் உண்மை எவ்வாறாயினும் ஆகுக. வடகரையினின்று வந்த பெண்ணொருத்தி அம்மண்ணில் தங்கி, நலம்பெற்று, அதற்குக் கைம்மாறாக ஒன்றைச் செய்தாள் என்று தம் ஊர்ப்பெயரிலேயே அம்மக்கள் எழுதி வைத்திருக்கின்றனர் என்பதே ஈண்டு நாம் கருதற்பாலது.

நிற்க. 'எம்பிரஸ்' கப்பல் பிரான்சு தேசத்திற் கட்டப்பெற்று, வேறு பெயரோடு தன் முதற் பயணத்தைத் தொடங்கிய ஆண்டு 1990. அதே ஆண்டில்தான் போரின் காரணமாகக் காங்கேசன்துறையும், மயிலிட்டியும், பலாலியும், அவற்றைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு ஊர்களும் குடிகளற்றுப் போயின. தென்னிலங்கையினின்றும் அவ்வூர் வரை ஓடிய புகைவண்டி நின்றது; ஊரின் பிழைப்பாயிருந்த சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பெற்றது. வீடு விட்டுப் போந்தார் முகாம்களிலும் உறவினர் இல்லங்களிலும் ஆண்டுக்கணக்கில் தங்கினர். அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயம் என்னும் பெயரால் அடைக்கப்பட்டது. 2009இல் போர் ஓய்ந்த பின்னரே அது சிறிது சிறிதாக விடுவிக்கப்பெறலாயிற்று. புகைவண்டி மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது 2015 சனவரியில். மயிலிட்டி மீனவர் தம் துறையை மீளக் காண 2017 ஜூலை வரை காத்திருக்க நேர்ந்தது.

கப்பல் ஒன்று உலகத்து விடுமுறைக் கடல்களிலெல்லாம் உலாவிய காலத்திற் பல்லாண்டுகள், இத்துறைக்குரியார் தம் வீட்டுக் கிணற்றையும் எட்டிப் பார்க்க இயலாதிருந்தனர். அக்கப்பல் ஒருநாள் அங்கேயே வந்து நின்றது. சீட்டு வாங்கியவர் இறங்கினர். ஒருநாள் விருந்தினரின் கடமை யாது என்னும் வினாவை இந்நிகழ்ச்சியைப் போல் கூர்மையாக எழுப்புவது வேறொன்றை யான் அறியேன்.

உலகின் பிற சிறு துறைகளில் இவ்வினாவிற்குக் கிடைத்துள்ள விடை மனத்திற்கு மகிழ்வு தருவதாயில்லை. ஐத்தி நாட்டின் வடகரையில் லபாடி என்றோர் இடம் உண்டு. கப்பல் நிறுவனம் ஒன்று 1986 முதல் அதனைக் குத்தகைக்கு எடுத்து, வேலியிட்டுத் தன் பயணிகட்கு மட்டும் உரியதாக்கியது. பயணிகள் அக்கடற்கரையில் நீராடி, நிறுவனத்தார் அளித்த உணவை உண்டு, மாலையிற் கப்பலேறினர். தாம் கால்வைத்தது ஐத்தி மண் என்பதனை நினையாமலே போனவரும் அவருள் இருந்திருப்பர். வெனிசு நகர்நடுவண் உள்ள கால்வாயினின்றோ பெருங்கப்பல்கள் 2021இல் விலக்கப்பெற்றன. 2024 முதல் குறித்த சில நாட்களில் பகற்பொழுதிற்கு மட்டும் வருவோரிடம் நகரத்தார் நுழைவுக் கட்டணமும் வாங்கலாயினர். ஓரிடத்தில் விருந்தினரை வேலிக்குள் வைத்தனர். மற்றோரிடத்தில் வாயிலில் நிறுத்திக் காசு கேட்டனர். இரண்டும் விருந்தோம்பல் முறிந்துபோனமையின் அடையாளங்களே.

இவற்றையெல்லாம் கப்பலே ஏறியறியாத சுரண்டைக்காரன் ஒருவன் பேசுவது தகுமோ எனச் சிலர் வினவலாம். யான் கப்பலின் பக்கத்தினின்று பேசவில்லை. கரையின் பக்கத்தினின்று பேசுகின்றேன். எம் ஊர்க்குக் கடல் இல்லை. ஆயினும் ஒருநாட் பயணியர் யாவர் என்பதனைத் தென்காசிச் சீமையார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிச் சாரல் வீசத் தொடங்கியதும் குற்றாலத்தை நோக்கி வரும் கூட்டத்தை ஆண்டுதோறும் காண்கின்றோம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என மூன்றினையும் ஒரே பகலில் முடித்துவிட்டோம் என்று பெருமையுடன் சொல்லிப் போவார் பலர். 'முடித்தல்' என்னும் அச்சொல்லை நோக்குக. அருவியில் நீராடுவதும் ஒரு வேலையாய் முடிக்கப்படுகின்றது. எண்ணெயும் சவர்க்காரமும் சீயக்காயும் பூசி அருவியிற் புகலாகாது என்று தடைவிதிக்க வேண்டிய நிலை வந்ததும், ஞெகிழிப் பைகளை வாரி எடுப்பதே சிலருக்குத் தொழிலானதும் அம்முடித்தலின் பயன்களே.

சுரண்டைக்கு அண்மையதான சுந்தரபாண்டியபுரத்தின் செய்தி இன்னும் தெளிவானது. திரைப்படங்களிற் காட்டப்பெற்றுப் பெயர்பெற்ற ஊர் அது. ஆடி ஆவணித் திங்கள்களில் அங்குச் சூரியகாந்தி பூக்கும் காலத்தில், மலையாள நாட்டினின்று வண்டி வண்டியாக மக்கள் வந்து இறங்குவர். பூவோடு நின்று படம் எடுத்துக்கொள்வர். நல்ல படம் வேண்டித் தண்டை வளைப்பாரும், வரிசைக்குள் புகுந்து மிதிப்பாரும் உளர். எண்ணெய் வித்துக்காகப் பயிரிட்ட உழவர், காட்சிக்காகப் பயிரிட்டவர் போல் ஆகிவிட, சிலர் வேறு வழியின்றி வரப்பில் அமர்ந்து கட்டணம் தண்டுகின்றனர். வெனிசு நகரத்தார் செய்ததனையே எம் உழவரும் செய்தனர். அவரை யார் குறைகூற வல்லார்?

ஆயினும் வந்தவர் எல்லாரும் ஒரே தன்மையர் அல்லர். என் மாமா சூரியகாந்தி விதைத்த ஓர் ஆண்டில், கொல்லத்தினின்று வந்த முதியவர் ஒருவர் தம் மக்களும் பேரரும் படமெடுக்கச் சென்றிருக்க, தாம் மட்டும் வரப்பில் மாமாவின் அருகே அமர்ந்தார். மலையாளம் கலந்த தமிழில், இவ்வாண்டு மழை எப்படி, கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கின்றது, வித்து என்ன விலை போகும் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். தம் நாட்டில் இரப்பர் விலை வீழ்ந்த கதையையும் சொன்னார். அரைமணி நேரம் சென்றிருக்கும். புறப்படுகையில் பழைய வித்தில் ஒரு பிடி கேட்டு வாங்கி மடியிற் கட்டிக்கொண்டார். அவர் எந்த அருவியையும் 'முடித்ததாக' எமக்குத் தெரியாது. ஆண்டுகள் சில கழிந்தும், பூக்காலம் வந்தவுடன் மாமா கேட்பது, "அந்தக் கொல்லத்து ஐயா இந்தத் தடவையாவது வருவாரா?" என்பதே. நூற்றுக்கணக்கானோர் வந்த வயலில் விருந்தினராக எஞ்சியவர் அவர் ஒருவரே.

ஆகவே பொழுதின் சிறுமை குற்றமன்று. ஒரு பகல் போதும். அதனைப் பத்தாய் அரிந்து பத்து இடங்களுக்குப் பங்கிடுவதே குற்றம். இதற்குச் சான்று வேண்டின் நம் வேதாகமத்திலேயே உண்டு. அப்போஸ்தலனாகிய பவுல் எருசலேமுக்குப் போகும் வழியில் பித்தொலோமாய்த் துறையில் இறங்கியபோது, அவ்வூர்ச் சகோதரரைக் கண்டு, அவர்களிடத்தில் ஒருநாள் தங்கினார். பின்னர்க் கைதியாய் உரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்ட காலையிலும், சீதோன் துறையிற் கப்பல் நிற்க, நூற்றுக்கு அதிபதியாகிய யூலியு இசைவளித்தமையால் இறங்கித் தம் நண்பரிடம் சென்று இளைப்பாறினார். இரண்டும் பழம்பெருந் துறைகள். கண்கவர் காட்சிகட்குக் குறைவிருந்திராது. அவற்றைப் பற்றி லூக்கா ஒரு சொல்லும் எழுதிற்றிலர். யாரிடம் போனார்கள் என்பதனையே எழுதினார். நம் பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையைச் சொல்லுமிடத்து, மொழி வேறுபட்ட பல தேயத்தார் அவ்வூராரோடு கலந்து இனிது உறைந்தமையை அதன் சிறப்பாகப் பேசுகின்றது. துறை என்பது கலத்தல் நிகழும் இடம் என்றே பண்டையோர் கருதினர்.

இனிக் காங்கேசன்துறையில் இறங்கும் தமிழர் ஒருவர் தம் பகலை எங்ஙனம் கழிக்கலாம் என்று பார்ப்போம். யாழ்ப்பாணம் காண வருவார்க்கு வழக்கமாகக் காட்டப்பெறுவன நல்லூர்க் கோயில், பழைய கோட்டை, 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பெற்றுப் பின்னர்ப் புதுக்கப்பெற்ற நூல்நிலையம், கீரிமலைக் கேணி என்பன. யாவும் காணத்தக்கனவே. நூல்நிலையத்தின் முன் நின்று தலைகவிழாத தமிழ் மாணவன் இரான். ஆனால் துறைக்கும் நகருக்கும் இடையே ஏறத்தாழ 18 கிலோமீட்டர்ச் சாலை ஒன்று கிடக்கின்றது. நகரை நோக்கி விரையும் ஊர்தியின் கண்ணாடி வழியே அதனைக் கடந்துவிடுதல் வழக்கம். என் கருத்தில், அச்சாலையே அன்றைய பாடம்.

துறையை விட்டுத் தெற்கே வந்தால் மாவிட்டபுரம்; அதனையடுத்துத் தெல்லிப்பழை. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்து பள்ளி தொடங்கிய இடம் அது. இன்றைய யூனியன் கல்லூரியின் தோற்றம் அப்பள்ளியே. சாலையை விட்டுச் சிறிது விலகினால் உடுவில். அங்கு ஆரியட் உவின்சிலோ அம்மையார் 1824இல் பெண்கட்கு உறைவிடப் பள்ளி கண்டார். பெண்ணுக்கு எழுத்தெதற்கு என்று நம் நாட்டார் பெரும்பாலோர் எண்ணியிருந்த காலம் அது. அவர்தம் கணவராகிய மிரன் உவின்சிலோவின் பெயரால் 1862இல் வெளிவந்த தமிழ் - ஆங்கில அகராதியை, நம் கல்லூரியில் தமிழ் பயில்வோருள் ஒருமுறையேனும் புரட்டாதார் யார்? மேற்கே வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். அவர் பிறந்த சிறுப்பிட்டி இச்சாலைக்குக் கிழக்கே உள்ளது. கறையான் அரித்த ஏடுகளினின்றும் அவர் மீட்டு 1887இல் அச்சிற் பதிப்பித்திராவிடின், கலித்தொகை நம் கைக்கு எப்பொழுது வந்திருக்கும் என்று சொல்லவியலாது. மானிப்பாயில் மருத்துவர் கிரீன் 1848 முதல் நோயாளரைப் பேணியதோடு, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களும் ஆக்குவித்தார். தமிழில் மருத்துவம் பயிற்றலாகுமோ என்று இன்றும் ஐயுற்று வாதிடுவார் உளர்!

நெல்லைச் சீமையில் திருச்சபையை வளர்த்த சர்ச் மிஷன் சங்கத்தாரே யாழ்ப்பாணத்து நல்லூரிலும் 1818இல் ஊழியம் தொடங்கினர். ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்ததோ 1820இல். ஆகலின், முறைப்படி பார்த்தால் அவ்வூர்ச் சபை நமக்கு மூத்த சகோதரி. மூத்தாளின் வீட்டு வாயிலிற் சென்று இறங்கி, அவளை ஒருவார்த்தை விசாரியாமல் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவாரை உலகம் என்ன சொல்லும்?

மேலே சொன்ன இடங்கள் அனைத்தையும் ஒரே பகலில் காண முயல்பவர், குற்றாலத்தில் மூன்று அருவியையும் 'முடித்தவர்' செய்ததனையே செய்தவராவர். ஆதலின் ஒன்றனைத் தேர்க. தெல்லிப்பழையே போதும். பள்ளி விடும் நேரத்தில் வாயிலருகே நிற்கும் ஆசிரியர் ஒருவரிடம், இக்கல்லூரி இடப்பெயர்வுக் காலத்தில் எங்கெங்கே நடந்தது என்று கேட்டால், அவர் சொல்லும் விடையைக் கேட்டு முடிப்பதற்குள் கப்பலின் நேரம் வந்துவிடும். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கோட்டை அங்கேயே நிற்கும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலியுள்ள மறுப்பே. பல இடம் பார்ப்பாரால்தான் பலர்க்குப் பிழைப்பு நடக்கின்றது, ஓரிடத்தில் அமர்ந்து கதை பேசுவாரால் வண்டிக்காரர்க்கும் கடைக்காரர்க்கும் யாது பயன் என்பர். குற்றாலத்தில் பழக்கடையும் சிற்றுண்டிக் கடையும் வைத்திருப்போர் பருவகாலத்து மூன்று மாத வருவாயைக் கொண்டே ஆண்டினை ஓட்டுகின்றனர் என்பதனை அறிந்தவனாதலின், யான் இதனை எளிதில் தள்ளேன். ஆனால் கப்பற் பயணியின் நிலை வேறு. அவருக்குக் காலையுணவும் இரவுணவும் படுக்கையும் கப்பலிலேயே விலை கொடுத்தாயிற்று. ஊரைச் சுற்றிக் காட்டும் வண்டியையும் கப்பலிலேயே பேசி ஏறிவிட்டால், கரையில் அவர் அவிழ்க்கும் காசு ஓர் இளநீரின் அளவாய் நின்றுவிடும். ஊர்ச் சாலையில் தட்டிவான் ஓடிய காலத்தையோ, போரையோ பேசிக்கொண்டு ஒரே முச்சக்கர வண்டிக்காரரோடு பகல் முழுதும் கழித்து, அவர் காட்டும் கடையில் உண்டு, அவர் சொல்லும் வீட்டில் பனங்கட்டியும் ஒடியலும் வாங்குபவரால், அவ்வூருக்கு வருவது அதனினும் மிகுதி. பேசுதலும் ஈதலும் பெரும்பாலும் ஒருங்கே செல்வன.

மற்றொன்று. போரையும் இடப்பெயர்வையும் பற்றிக் கேட்பது புண்ணைக் கிளறுவதாகாதா என்று அஞ்சுவார் உளர். அஞ்சுதல் நன்றே. துக்கவீட்டில் எவ்வாறு பேசவேண்டும் என்பதனை நம் தாய்மார் நமக்குக் கற்பித்திருக்கின்றனர். முதலில் அமர்வது, பின்னரே கேட்பது. அவர் பேசாதிருந்தால் உடன் பேசாதிருப்பது. இடிந்த வீட்டின் முன் நின்று தன் முகத்தைத் தானே படமெடுத்துக்கொள்பவனுக்கு மட்டும் இப்பாடம் எட்டவில்லை போலும். சூரியகாந்திக்குச் செய்தால் தண்டு ஒடியும். இங்கே ஒடிவது வேறு.

தெல்லிப்பழையைக் கடந்து மல்லாகம் வழியே இன்னும் சிறிது தெற்கே போனால் சுன்னாகம் வரும். குமாரசாமிப் புலவர் பிறந்த ஊராதலின் தமிழ் பயில்வோர் அதனை வணங்குவர். அந்நாட்டு மக்களோ அதன் சந்தையால் அதனை அறிவர். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. செம்மண்ணுக்கு அடியிற் சுண்ணாம்புப் பாறை. அதனைத் துளைத்து வெட்டிய கிணற்று நீரே வெங்காயத்தையும் மிளகாயையும் புகையிலையையும் வாழையையும் வளர்க்கின்றது. விளைந்த காய்கறி சுன்னாகத்தில் வந்து குவியும். எம் சுரண்டைச் சந்தையும் அத்தகையதே. கிணற்றுப் பாசனத்தில் விளைந்த கத்தரியும் வெண்டையும் தக்காளியும் இருளிலேயே வந்திறங்கி, விலை பேசப்பெற்று, மலையைத் தாண்டிக் கேரளத்திற்குப் போகும். ஓணம் நெருங்கினால் சந்தையில் நிற்க இடமிராது.

சுரண்டை உழவர் ஒருவர் நாகையிற் கப்பலேறி, காங்கேசன்துறையில் இறங்கி, வேறெங்கும் போகாமல் சுன்னாகம் சந்தைக்கு நேரே போனார் என்று வைத்துக்கொள்வோம். அவர்க்கு வழிகாட்டி வேண்டா, மொழிபெயர்ப்பாளரும் வேண்டா. வெங்காயக் குவியலின் பின்னே அமர்ந்திருப்பவரை அணுகி, "ஐயா, உங்கள் கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது? உப்பு ஏறிவிட்டதா?" என்று கேட்பார். அவர் நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் எந்த ஊர்?" என்பார். தென்காசிப் பக்கம் என்ற விடை கேட்டவுடன், அமர்வதற்கு ஒரு சாக்கை விரித்து, தேநீருக்குச் சொல்லியனுப்புவார். மாலைக் கப்பலுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கும்.